மூலையில் சிக்கிய ராஜா: பள்ளிச் சதுரங்க வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆறாவது வாரம் முடியும்போது, அந்த வகுப்பில் யாரை எழுப்பிக் கேட்டிருந்தாலும் குதிரை எப்படித் தாவும் என்று சொல்லியிருப்பார்கள். பிஷப், யானை, ராணி எல்லாம் அத்துப்படி. ஆனால் அன்று 12 பலகைகளில் நடந்த ஆட்டங்களில் செக்மேட்டில், அதாவது தாக்கப்பட்ட ராஜா தப்ப வழியே இல்லாமல் சிக்கும் நிலையில், முடிந்தவை இரண்டுதான். சில ஆட்டங்கள் மணி அடித்ததால் முடிந்தன. சில வாக்குவாதத்தில் முடிந்தன. ஒன்று அழுகையில் முடிந்தது. அந்த அழுகைக்குக் காரணம் அந்த மாணவியின் கவனக்குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், நான் கற்பித்ததை அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் செய்திருந்தாள்.

வகுப்பும் திட்டமும்

நான்காம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை படிக்கும் 24 பேர். வாரம் இரு முறை, 45 நிமிடப் பாடவேளை, மொத்தம் 12 வாரம். இரண்டு பேருக்கு ஒரு பலகை, சுவரில் மாட்டிக் காட்ட ஒரு காந்தப் பலகை. ஏறக்குறைய பாதிப் பேருக்கு வீட்டில் யாரோ ஏதோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மீதிப் பேருக்குச் சதுரங்கம் என்றால் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், அவ்வளவுதான். ஒன்றும் தெரியாதவர்களைவிடப் பாதி தெரிந்தவர்களே எனக்கு அதிக வேலை வைத்தார்கள்.

நான் எழுதிவைத்திருந்த திட்டம் பார்ப்பதற்கு மிக ஒழுங்காக இருந்தது. முதல் மூன்று வாரம் காய்களின் நகர்வு. நான்காவது வாரம் கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நடையில் சேர்ந்து நகர்வது), சிப்பாய் பதவி உயர்வு (கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் வேறு காயாவது), ‘ஆன் பாசான்’ என்கிற வழிமறித்து வெட்டுதல். ஐந்தாவது வாரம் செக் (ராஜா மீதான தாக்குதல்), செக்மேட். அந்த வாரத்தின் கடைசி அரைப் பாடவேளையில் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே நடையற்று நிற்கும் நிலை). ஆறாவது வாரம் முதல் முழு ஆட்டம். விதிப் புத்தகங்கள் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் செல்கின்றன. விதியைத் தேடி எடுக்க வேண்டிய நடுவருக்கு அது பொருத்தமான வரிசை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அதுவே பொருந்தும் என்று நான் ஏன் நம்பினேன் என்பதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

பெயர்க் குழப்பமும் ‘ட’ போட்ட குதிரையும்

முதல் நாளே பெயர்ச் சண்டை வந்தது. ராணிக்கு ஒருவன் ‘மந்திரி’ என்றான். பக்கத்தில் இருந்தவள், பிஷப்தான் மந்திரி என்றாள். மூலையில் நிற்கும் காயை யானை என்றவர்கள் ஒரு பக்கம், கோட்டை என்றவர்கள் மறுபக்கம். இதில் யாரும் தவறில்லை. சதுரங்கம் என்ற சொல்லிலேயே யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு அங்கங்கள் இருக்கின்றன. அந்தப் பழைய ஆட்டத்தில் மூலையில் நின்றது தேர். யானை இன்றைய பிஷப்பின் இடத்தில் நின்று மூலைவிட்டமாக இரண்டு கட்டம் தாவியது. ஆட்டம் ஊர் ஊராகப் போகப் போகக் காய்கள் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இதைச் சொன்னபோது பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் வகுப்புக்கு ஒரே பெயர் வேண்டும். யானை, குதிரை, பிஷப், ராணி, ராஜா, சிப்பாய் என்று பலகையின் பக்கத்தில் எழுதி ஒட்டினேன். அத்துடன் சண்டை ஓய்ந்தது.

குதிரைக்கு நான் கையாண்ட உத்தி ‘ட’. இரண்டு கட்டம் நேராக, ஒரு கட்டம் பக்கவாட்டில். ‘ட’ எழுதினால் குதிரை நகர்ந்துவிடும். ஐந்தே நிமிடத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். மறுவகுப்பில் பார்த்தால் ஏழெட்டுப் பேரின் குதிரைகள் ஒரே திசையில்தான் சென்றன. கீழே இறங்கும், வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் திரும்புவதில்லை. ஒருவனிடம் கேட்டேன். “அந்தப் பக்கம் திரும்பினால் அது ‘ட’ இல்லையே, சார்” என்றான். சரிதானே! எழுத்தைத் திருப்பிப் போட்டால் அது எழுத்தே இல்லை என்று இதே பள்ளியில்தான் அவனுக்கு அடித்துத் திருத்தியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ‘ட’வை விட்டுவிட்டு நிறத்தைப் பிடித்தேன். வெள்ளைக் கட்டத்தில் நிற்கும் குதிரை எப்போதும் கறுப்புக் கட்டத்தில்தான் இறங்கும், கறுப்பிலிருந்து வெள்ளைக்கு. காலி பலகையின் நடுவில் ஒரு குதிரையை வைத்து, அது இறங்கக்கூடிய கட்டங்களில் எல்லாம் பொத்தான் வைக்கச் சொன்னேன். எட்டுப் பொத்தான்கள் வட்டமாக விழுந்தன. அதே குதிரையை மூலையில் வைத்தால் இரண்டே பொத்தான். மற்றக் காய்களுக்கும் இதைச் செய்தோம். யானைக்குக் காலி பலகையில் எங்கே வைத்தாலும் 14 கட்டம். பிஷப்புக்கு மூலையில் 7, நடுவில் 13. ராணிக்கு மூலையில் 21, நடுவில் 27. ‘காய்களை நடுப்பக்கம் கொண்டுவாருங்கள்’ என்று நான் தொண்டை வறளச் சொல்லியிருந்தாலும் ஏறாதது, பொத்தான் எண்ணியதில் ஏறியது. முதல் மூன்று வாரங்களில் உருப்படியாக நடந்தது இது ஒன்றுதான்.

காய் மதிப்பு சொல்லிக்கொடுத்ததில் மட்டும் ஒரு வேடிக்கை. சிப்பாய் 1, குதிரையும் பிஷப்பும் 3, யானை 5, ராணி 9 என்று எழுதிப் போட்டேன். அடுத்த வாரம் ஒருவன், தான் வெட்டிய காய்களைப் பெட்டிக்குள் அடுக்கிவைத்து, “எனக்கு 23, அவனுக்கு 17, நான் ஜெயித்துவிட்டேன்” என்று எழுந்துவிட்டான். பலகையில் அவனுடைய ராஜாவுக்குச் செக் இருந்தது. மதிப்பெண் கூடினால் வெற்றி என்பது பள்ளிப் பிள்ளைக்கு இயல்பான கணக்கு. ஆட்டம் எதில் முடியும் என்பதை நான் இன்னும் சொல்லவே இல்லை. அவன் தனக்குத் தெரிந்த முடிவை வைத்துக்கொண்டான்.

வீட்டிலிருந்து வந்த விதிகள்

பாதி தெரிந்தவர்கள் கொண்டுவந்த விதிகள் தனிப் பட்டியலாகவே தேறும். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய்க்குப் பதிலாக, ஏற்கெனவே வெட்டுப்பட்ட காயைத்தான் எடுக்கலாம் என்பது அதில் ஒன்று. உண்மையில் ராணி பலகையில் இருக்கும்போதே இன்னொரு ராணியை எடுக்கலாம். ராணிக்கோ ராஜாவுக்கோ குறிவைத்தால் சத்தமாகச் சொல்லியாக வேண்டும் என்பது இன்னொன்று. செக் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றுகூடப் பன்னாட்டு விதிகளில் கட்டாயம் இல்லை. தொடக்கத்தில் இரண்டு சிப்பாய்களை ஒரே நேரத்தில் ஒவ்வொரு கட்டம் நகர்த்துவது, கவனிக்காமல் விட்ட ராஜாவை வெட்டி எடுத்துக்கொண்டு வெற்றி கொண்டாடுவது என்று இன்னும் இருந்தன.

இவற்றைத் திருத்துவதில் நான் கற்றுக்கொண்டது, ‘உன் அப்பா சொன்னது தப்பு’ என்று ஒருபோதும் சொல்லக்கூடாது என்பது. பாரிஸில் 1924இல் தொடங்கிய ஃபிடே என்ற உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு எல்லா நாட்டுக்கும் பொதுவான விதிகளை வைத்திருக்கிறது, வகுப்பில் அதன்படி ஆடுவோம், வீட்டில் வீட்டு விதி என்று பிரித்துக் கொடுத்ததும் பிள்ளைகள் சிரமமில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு விதிகளை இரண்டு இடங்களில் கடைப்பிடிப்பது அவர்களுக்குப் புதிதல்ல.

கேஸ்லிங் இந்த நான்காவது வாரத்தில் சுத்தமாக வீணானது. ராஜாவும் அந்த யானையும் அதற்குமுன் நகர்ந்திருக்கக்கூடாது, இடையில் காய் இருக்கக்கூடாது, ராஜா செக்கில் இருக்கக்கூடாது, தாக்கப்படும் கட்டத்தைத் தாண்டக்கூடாது, அப்படிப்பட்ட கட்டத்தில் இறங்கவும் கூடாது. ஐந்து ‘கூடாது’. பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள், தலையாட்டினார்கள். செக் என்றால் என்ன என்றே அடுத்த வாரம்தான் சொல்லப்போகிறேன் என்பது பாதியில்தான் எனக்கு உறைத்தது.

நான்கு நடை ராஜா

ஐந்தாவது வாரம் செக்மேட் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வகுப்புக்குள் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் ‘நான்கு நடை மேட்’டைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டான். (வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் கட்டங்களுக்கு இடமிருந்து வலம் ஏ முதல் எச் வரை எழுத்து, கீழிருந்து மேல் 1 முதல் 8 வரை எண்.) சிப்பாய் இ4, பிஷப் சி4, ராணி எச்5, பிறகு ராணி எஃப்7-இல் வெட்டிச் செக்மேட். எஃப்7 கட்டத்துக்குத் தொடக்கத்தில் ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை, அதுதான் சூட்சுமம். ஒரே பாடவேளையில் ஐந்து பேரை வீழ்த்தினான். தோற்றவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு அடுத்தவர்மேல் ஏவினார்கள். காய்ச்சல் பரவுவதுபோல் வகுப்பு முழுக்கப் பரவியது. எல்லாப் பலகைகளிலும் ராணி மூன்றாவது நடையிலேயே வெளியே நின்றது.

சில பயிற்சியாளர்கள் இதைத் தடைசெய்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. சட்டப்படி கிடைத்த வெற்றியை எந்த முகத்தோடு தடுப்பது? அந்த மாணவனையே காந்தப் பலகைக்கு அழைத்து, “நீ கறுப்பாக இருந்தால் எப்படித் தப்பிப்பாய்?” என்று கேட்டேன். நெடுநேரம் பார்த்தான். ராணி எச்5-க்கு வந்ததும் சிப்பாயை ஜி6-க்கு நகர்த்தினான். ராணி எஃப்3-க்குப் பின்வாங்கி மறுபடி குறிவைத்தால் குதிரையை எஃப்6-இல் வைத்து வழியை அடைத்தான். “இப்போது யாருடைய காய்கள் வெளியே வந்திருக்கின்றன?” என்றேன். எண்ணிப்பார்த்துவிட்டு அவனே சிரித்தான். அவன் ஆயுதத்துக்கு அவனே மாற்று சொல்லிக்கொடுத்ததால் கௌரவமும் குறையவில்லை. இரண்டு வகுப்புகளில் காய்ச்சல் இறங்கியது.

ஆனால் இந்தக் கலவரத்தில் ஸ்டேல்மேட்டுக்கு ஒதுக்கிய அரைப் பாடவேளை பத்து நிமிடமாகச் சுருங்கிப்போனது. வரையறையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன்: ஆட வேண்டியவருக்குச் செக் இல்லை, ஆனால் நகர்த்த ஒரு நடையும் இல்லை, ஆட்டம் டிரா.

ஜி5, ஜி6

ஆறாவது வாரத்தில் முழு ஆட்டம் தொடங்கும் முன், எல்லாருக்கும் ஒரு கருவி கொடுத்தேன். எதிராளியிடம் ராஜா மட்டும் இருக்கிறது, நம்மிடம் ராஜாவும் ராணியும் இருக்கின்றன. சரியாக ஆடினால் எந்த நிலையிலிருந்தும் அதிகபட்சம் 10 நடையில் மேட் செய்துவிடலாம். பிள்ளைகளுக்கு எளிதான வழி ஒன்று உண்டு. ராணியை எதிரி ராஜாவிலிருந்து ஒரு குதிரைத் தாவல் தூரத்தில் வைக்க வேண்டும். ராஜா எந்தப் பக்கம் நகர்கிறதோ, ராணியும் அதே பக்கம் அதே அளவு நகர வேண்டும். நிழல்போலப் பின்தொடர்ந்தால் ராஜா தானாகவே ஓரத்துக்கு ஒதுங்கும். பிறகு நம் ராஜாவைக் கொண்டுவந்து மேட். ‘நிழல் ஆட்டம்’ என்று அவர்களே பெயர் வைத்தார்கள். குதிரை தூரத்தை நன்றாகப் பழகியிருந்ததால் ஆசையாகச் செய்தார்கள்.

அன்று ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அதிகம் பேசமாட்டாள், ஒவ்வொரு நடைக்கும் நேரம் எடுப்பாள். நான்கு நடை மேட்டில் இரண்டு முறை தோற்றிருந்தாள். அன்று எதிரியின் காய்களை ஒவ்வொன்றாக வெட்டி, ஒரு சிப்பாயை ராணியாக்கி, எதிரியிடம் ராஜாவை மட்டும் மிச்சம் வைத்திருந்தாள். அவளுடைய முதல் வெற்றிக்கு நான்கைந்து நடைதான் பாக்கி. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

கறுப்பு ராஜா எச்7. அவளுடைய ராணி ஜி5, சரியான குதிரை தூரம். அவளுடைய ராஜா தொலைவில் சி3-இல். கறுப்பு ராஜாவுக்குப் போக ஒரே கட்டம்தான் இருந்தது, எச்8. போனது. ராஜா ஒரு கட்டம் மேலே போனதால் அவளும் ராணியை ஒரு கட்டம் மேலே வைத்தாள், ஜி6. நிழல் தப்பவில்லை.

எதிரே இருந்தவன் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஜி8, ஜி7, எச்7 மூன்றையும் ராணி அடைத்திருக்கிறது. எச்8-இல் செக் இல்லை. “எனக்கு நடையே இல்லை, சார்” என்றான். நான் வந்து பார்த்து, டிரா என்றேன்.

அவள் முதலில் வாதாடினாள். “அவனிடம் ஒன்றுமே இல்லை. என்னிடம் ராணி இருக்கிறது. அவனால் நகரவே முடியவில்லை என்றால் அவன்தானே தோற்றான்?” நான் விதியைச் சொன்னேன். “நீங்கள் சொன்னபடிதானே, சார், ஆடினேன்?” என்றாள். பிறகுதான் அழுதாள்.

அவள் கேட்ட இரண்டு கேள்விகளும் சரியானவை. முதல் கேள்வியை அவளுக்கு முன்பே பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள். சதுரங்கத்தின் அரபு வடிவமான ஷத்ரஞ்சில் எதிரியை இப்படி நடையற்று நிறுத்தியவர் பெரும்பாலும் வென்றவராகவே கொள்ளப்பட்டார். 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ அப்படியே தலைகீழ். எதிரியை அந்த நிலைக்குத் தள்ளியவருக்கே தோல்வி. 19ஆம் நூற்றாண்டில்தான் டிரா என்பது எங்கும் நிலைத்தது. அதாவது இது இயற்கை நியதி எதுவும் இல்லை, மனிதர்கள் பலமுறை மாற்றி மாற்றி எழுதிய விதி. இதை அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் சொன்னபோது, ‘அப்படியானால் நான் முட்டாள்தனமாகக் கேட்கவில்லை’ என்ற நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் தப்பிக்க வழி இல்லை. நிழல் ஆட்டத்தைக் கற்பித்த நான், அது எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. நடுப்பலகையில் ராஜாவைத் துரத்தும் அதே குதிரை தூரம், மூலையில் ராஜாவின் மூச்சை நிறுத்திவிடுகிறது. அன்றைய மற்ற பலகைகளையும் நினைவுபடுத்திப் பார்த்தேன்; இன்னும் இரண்டு இடங்களில் இதே வடிவத்தில் டிரா ஆகியிருந்தது. யாரும் அழாததால் நான் கவனிக்கவில்லை.

செய்ய வேண்டியது மிக எளிது. ராணியை ஜி5-இலேயே விட்டுவிட வேண்டும். கறுப்பு ராஜா எச்8, எச்7, எச்8 என்று கூண்டுக்குள் நடக்கட்டும். வெள்ளை ராஜா டி4, இ5, எஃப்6 என்று மூன்றே நடையில் வந்துவிடும். நான்காவது நடை ராணி ஜி7, செக்மேட். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து இதை ஆடிக் காட்டினேன். “ராணி சும்மா நிற்கிறதே” என்றாள். அந்தச் சும்மா நிற்பதைத்தான் சொல்லிக்கொடுக்க மறந்திருந்தேன். அதற்கு ஒரு சொல் வைத்துக்கொண்டோம்: ‘நிறுத்து’. எதிரி ராஜா மூலையில் நுழைந்ததும் மனத்துக்குள் ‘நிறுத்து’ என்று சொல்ல வேண்டும். அதன்பின் ராணியைத் தொடக்கூடாது, ராஜாவைத்தான் நடத்த வேண்டும்.

வரிசையைக் கலைத்தது

ஏழாவது வாரத்தில் முழு ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். ஆட்டத்தைக் கடைசியிலிருந்து தொடங்கினோம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக இருந்த கபாபிளாங்கா, கடைசிக் கட்ட ஆட்டத்தையே முதலில் கற்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். எனக்கு அது பல வருடமாகத் தெரியும். தெரிந்ததை வகுப்பில் செய்யாமல் இருந்தேன்.

முதலில் இரண்டு யானைகள் ஒரு ராஜாவுக்கு எதிராக. ஒரு யானை ஒரு வரிசைக்கு வேலி போடும், மற்றது அடுத்த வரிசையில் செக் கொடுக்கும். ஏணிப்படிபோல ஏறி ஓரத்தில் மேட். இதில் ஸ்டேல்மேட் ஆபத்து குறைவு, வெற்றி விரைவில் கிடைக்கும். பிறகு ராணியும் ராஜாவும். அதன்பின் ‘முடிந்ததா, முடியவில்லையா?’ என்று ஒரு பயிற்சி. காந்தப் பலகையில் நான்கைந்து காய் மட்டும் வைப்பேன். செக், செக்மேட், ஸ்டேல்மேட், ஒன்றுமில்லை என்ற நான்கில் எது என்று தாளில் எழுத வேண்டும். செக்மேட் என்று எழுதியவர்கள், ராஜாவைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கட்டத்திலும் விரல் வைத்து, எந்தக் காய் அதை அடைக்கிறது என்று சொல்ல வேண்டும். ராஜாவுக்கு நடுவில் எட்டுக் கட்டம், ஓரத்தில் ஐந்து, மூலையில் மூன்று. மூலையில் மூன்றே என்பதால்தான் அங்கே மேட்டும் எளிது, ஸ்டேல்மேட்டும் எளிது. விரல் வைக்கத் தொடங்கியதும் ஊகம் குறைந்தது. முதல் நாள் குழப்பமான விடைகள், நான்காவது பாடவேளையில் பெரும்பாலும் சரி.

இப்படிச் சில காய்களோடு பயில்வதற்கு ஆதரவான ஆராய்ச்சி ஒன்று உண்டு. வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் வெளியிட்டது. உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையைச் சில வினாடிகள் காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய முழுவதையும் மறுபடி அடுக்கிவிடுகிறார். காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினால் புதியவரைவிட அவர் பெரிதாக மேம்படுவதில்லை. அவருக்கு அசாதாரண நினைவாற்றல் எதுவும் தேவைப்படவில்லை. பழகிய வடிவங்களைப் பார்க்கிறார். முதல் ஆறு வாரம் 32 காய்களை ஒரேயடியாகக் கொட்டி, பிள்ளைகளுக்கு நான் காட்டியது இறைத்த காய்களைத்தான்.

ஒன்பதாவது வாரம் சிப்பாய்ப் போர். எட்டுச் சிப்பாய்கள் எட்டுச் சிப்பாய்களுக்கு எதிராக, வேறு காயே இல்லை, ராஜாவும் இல்லை. முதலில் எதிர்க்கரையை எட்டியவர் வென்றார். இரண்டாவது ஆட்டத்திலேயே ஒரு பலகையிலிருந்து கூச்சல். ஒருத்தி தன் சிப்பாயை ஐந்தாவது வரிசையில் காவலாக நிறுத்தியிருக்கிறாள். எதிராளி பக்கத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, அவள் வெட்டும் கட்டத்தைத் தாண்டிப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டான். “ஒரு கட்டம் வந்திருந்தால் வெட்டியிருப்பேன், இது ஏமாற்று!” என்றாள். இதற்காகவே காத்திருந்தேன். “உன்னைப் போலவே பழைய காலத்து ஆட்டக்காரர்களும் கோபப்பட்டார்கள்” என்று தொடங்கினேன். சிப்பாய் முதலில் ஒரு கட்டம்தான் நகர்ந்தது. ஆட்டத்தை வேகப்படுத்த இரட்டை நடை வந்தது. அதனால் தப்பித்து ஓடுபவரைப் பிடிக்க வழிமறித்து வெட்டும் விதியும் வந்தது: அவன் ஒரு கட்டம்தான் நகர்ந்ததாக நினைத்து வெட்டிக்கொள், ஆனால் உடனே, அடுத்த நடையிலேயே. அவள் அந்த இடத்திலேயே வெட்டினாள். நான்காவது வாரத்தில் அரைமணி நேரம் விளக்கியும் ஒருவர் நினைவிலும் நிற்காத விதி, இப்போது இரண்டு நிமிடத்தில் பதிந்தது.

கேஸ்லிங்கையும் அப்படியே காத்திருந்து சொன்னேன். முழு ஆட்டம் மறுபடி தொடங்கியதும், நடுவில் மாட்டிய ராஜாவை இழுத்துக்கொண்டு ஓடும் அவதி ஒருவனுக்கு வந்தது. “ராஜாவை வேகமாக ஓரத்துக்குக் கொண்டுபோக வழியே இல்லையா?” என்றான். இருக்கிறது என்றேன். ராஜாவை முதலில் தொட்டு இரண்டு கட்டம், பிறகு யானை அதைத் தாண்டி அடுத்த பக்கம். எல்லாம் ஒரே கையால். முதலில் யானையைத் தொட்டால் யானை நகர்வாகவே கொள்ளப்படும். ஐந்து ‘கூடாது’களில் அன்றைக்குத் தேவையான இரண்டை மட்டும் சொன்னேன். மற்றவை அடுத்தடுத்த ஆட்டங்களில் தாமாகவே கேள்வியாக வந்தன.

தொட்ட காயை ஆட வேண்டும் என்ற விதியில் மட்டும் பிடிவாதத்தைத் தளர்த்தினேன். முதலிலேயே கண்டிப்பாக வைத்திருந்ததால் சிலர் காயைத் தொடவே பயந்து கைகட்டி உறைந்துபோயிருந்தார்கள். பத்தாவது வாரத்திலிருந்துதான் அதை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தேன். அதுவரை அதற்குப் பதிலாக ஒரே ஒரு பழக்கம்: எதிராளி நகர்த்தியதும், ‘இப்போது இந்தக் காய் எதைப் பார்க்கிறது?’ என்று தனக்குள் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும். இலவசமாகப் போகும் ராணிகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனவை.

கணக்கு மதிப்பெண் பற்றிய கேள்வி

இடையில் பெற்றோர் சந்திப்பு ஒன்று நடந்தது. இதனால் கணக்கில் மதிப்பெண் ஏறுமா என்று கேட்டவர்களே அதிகம். ‘ஏறும்’ என்று சொன்னால் வகுப்பு நிலைக்கும். நிர்வாகமும் அதைத்தான் எதிர்பார்த்தது. ஆனால் இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளை வைத்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2016இல் வெளிவந்தது. பாடவேளையிலேயே 30 மணி நேரம் சதுரங்கம் கற்ற மாணவர்களுக்கு, ஓராண்டு கழித்துக் கணிதத் தேர்வில் அதனால் கூடுதல் பயன் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆர்மேனியா 2011 முதல் தொடக்கப் பள்ளியில் சதுரங்கத்தைக் கட்டாயப் பாடமாகவே வைத்திருக்கிறது. அதற்கு அவர்களுக்கு வேறு காரணங்களும் உண்டு. கணக்குக்காக அனுப்ப வேண்டாம், ஆட்டம் பிடித்திருந்தால் அனுப்புங்கள் என்றேன். இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் பொய் சொல்லிப் பிடித்துவைத்திருக்க மனம் வரவில்லை.

பன்னிரண்டாவது வாரத்தில்

எஞ்சிய 22 பேருக்குள் கடைசி இரண்டு வகுப்புகளில் சிறு போட்டி வைத்தோம். பெரும்பாலான ஆட்டங்கள் செக்மேட்டிலோ, இருவரும் புரிந்து ஒப்புக்கொண்ட டிராவிலோ முடிந்தன. ‘யார் ஜெயித்தோம், சார்?’ என்று என்னைக் கூப்பிடுவது வெகுவாகக் குறைந்திருந்தது. அதையே இந்த மாற்றத்தின் சரியான அளவுகோலாகக் கருதுகிறேன்.

சரியாகாதவையும் உண்டு. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மூவர் இன்னும் பிஷப்பை நிறம் மாற்றிவிடுகிறார்கள். ஒரு மாணவன் தோற்கும் நிலை வந்தாலே டிரா கேட்கிறான். மறுத்தால் ஆடுவதை நிறுத்திவிடுகிறான். அவனுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடிகாரம் வைத்து ஆடுவதைத் தொடவே இல்லை. நடைகளைக் குறித்துவைக்கும் பழக்கத்தைப் பதினோராவது வாரத்தில்தான் தொடங்கினேன். பல தாள்கள் பன்னிரண்டு, பதினைந்து நடையோடு நின்றுபோயிருக்கின்றன. ஆட்டம் சூடுபிடித்ததும் பென்சில் மறந்துபோகிறது.

கடைசிவரை எழுதப்பட்ட தாள்கள் சில இருந்தன. அவற்றில் ஒன்று ஐந்தாம் வகுப்பு மாணவியுடையது. எதிரே அமர்ந்தது நான்கு நடை மேட் மாணவன். 41ஆவது நடையில் அவனுடைய ராஜா மூலைக்குப் போகிறது. அந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில், கட்டத்துக்குள் அடங்காத சிறிய எழுத்தில், ‘நிறுத்து’ என்று எழுதியிருக்கிறாள். அதன்பின் நான்கு வரிகளில் அவளுடைய ராஜா மட்டும் நடக்கிறது. ஐந்தாவதில் ராணி, செக்மேட். போட்டி விதிப்படி குறிப்புத் தாளில் நடைகள் போன்றவற்றைத் தவிர வேறு குறிப்பு எழுதக்கூடாது. அதை அடுத்த பருவத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று தாளைக் கோப்பில் வைத்துவிட்டேன்.